பழைய கெர்னலுக்குப் புது ஜிலிப்சி: 2.6.32-இல் பட்ட பாடு

போன புதன்கிழமை மதியம் பம்ப் சோதனை மேடையின் திரையில் நீரோட்டம், அழுத்தம், மின்சாரம் மூன்று எண்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின. முதல் இரண்டும் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவைதான். மூன்றாவதற்காக எனக்கு நான்கு மாலைகளும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் போயின. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மேடையின் கணினி இன்டெல் ஆட்டம் டி525. 1.8 கிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி நினைவகம், 80 ஜிபி வட்டு. மேலே இருப்பது சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ், கெர்னல் (வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உள்மையம்) மட்டும் அதனுடையது அல்ல. சென்சார்களைப் படிக்கும் பிசிஐ கார்டைக் கொடுத்தவர்கள் மூல 2.6.32 கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்து (மூலநிரலை ஓடும் வடிவுக்கு மாற்றி), தங்கள் டிரைவரை பைனரியாக மட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வேறு கெர்னலில் அந்த டிரைவர் ஏறாது. புதுக் கார்டு, டிரைவர், வயரிங் எல்லாம் சேர்த்து வாங்கிய விலைப்புள்ளி ஒன்றேகால் லட்சம். அதைப் பார்த்ததும் பட்டறைக்காரர், "கம்ப்யூட்டர் நல்லாத்தானே இருக்கு?" என்றார். இருக்கிறதுதான்.

சிக்கல் வந்தது பவர் மீட்டரால். பழைய மீட்டர் புகைந்துபோனது. புது மீட்டர் நெட்வொர்க்கில் பேசுவது, அதோடு ஒரு மூடிய லைப்ரரி வருகிறது, மூலநிரல் கிடையாது. அதைச் சேர்த்து நம் நிரலை ஓட்டினால், லிப்சியில் ஜிலிப்சி 2.17 பதிப்பு இல்லை என்று லோடர் அப்படியே நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி, லிப்சி அதன் முக்கியக் கோப்பு, லோடர் என்பது நிரலையும் லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றிச் சேர்ப்பது. சென்ட்ஓஎஸ் 6-இல் இருப்பது 2.12. பழைய பதிப்புக்குக் கம்பைல் செய்து தர முடியுமா என்று மீட்டர் கொடுத்தவர்களைக் கேட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிக்கவும் என்று ஒரே வரியில் பதில்.

ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் அந்த லைப்ரரியின் சின்னங்களை, அதாவது அது ஜிலிப்சியிடம் கேட்கும் செயல்களின் பெயர்களைப் பார்த்தபோது 2.12-ஐத் தாண்டியவை நான்கே நான்கு. மெம்காப்பி 2.14, கிளாக் கெட்டைம் 2.17, இன்னும் இரண்டு. அந்த நாலு பெயரையும் காகிதத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு வேறு வழியில் போனேன். அங்கேதான் முதல் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் போன வழி இது. கணினியின் சொந்த ஜிலிப்சியைத் தொடாமல், தனி அடைவில் புதிய ஜிலிப்சி ஒன்றை வைத்து, நம் நிரலை மட்டும் அதைக் கொண்டு ஓட்டுவது. முதலில் வட்டு முழுவதையும் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை போட்டு ஒரு பழைய எஸ்எஸ்டிக்கு எடுத்துக்கொண்டேன். செகண்ட் ஹேண்டில் 1,100 ரூபாய். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எடுத்தவுடன் ஜிலிப்சி 2.31. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, டெபியன் 11 என்ற லினக்ஸில் இருப்பது அதுதான், எனக்குப் பழகியது. லேப்டாப்பில் டெபியன் 11 கன்டெய்னர் (தனி லினக்ஸ் போல ஓடும் அடைப்பு) ஒன்றைத் திறந்து, மூலநிரலை இறக்கி, தனி பில்டு அடைவு போட்டு (கம்பைலுக்கு முந்தைய கான்ஃபிகர் வேலையை மூல அடைவுக்குள்ளேயே செய்ய ஜிலிப்சி விடாது), எனேபிள்-கெர்னல் என்ற விருப்பத்துக்கு 2.6.32 கொடுத்தேன். இந்த எண்ணுக்குக் கீழே எந்தக் கெர்னலும் வராது என்று நாம் தரும் உத்தரவாதம் அது. அதை நம்பி, அதைவிடப் பழைய கெர்னல்களுக்கான மாற்றுவழிகளை விட்டுவிட்டு லைப்ரரி கம்பைல் ஆகும். லேப்டாப்பில் பதினோரு நிமிடம். எல்லாம் பச்சை.

மறுநாள் பட்டறையில், புதிய லோடரை நேரடியாகக் கூப்பிட்டு நிரலை அதனிடம் கொடுத்தேன். ஒரே வரி: கெர்னல் மிகப் பழையது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டது.

2.6.32 என்று கொடுத்தேனே, அப்புறம் என்ன? வீட்டுக்கு வந்து கான்ஃபிகரின் பதிவைப் புரட்டினால், ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஒரு எச்சரிக்கை ஒளிந்திருந்தது. குறைந்தபட்சக் கெர்னல் 3.2.0 என்று மாற்றி வைக்கப்பட்டது. நான் கேட்டதை மறுக்கவில்லை, பிழை என்று நிற்கவும் இல்லை. தானே எண்ணை உயர்த்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறது. இன்டெல் 64 பிட்டுக்கு 2.6.32-ஐ ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு 2017 பிப்ரவரியில் வந்த 2.25. அதே வருடம் ஆகஸ்டில் வந்த 2.26 முதல் எல்லாக் கட்டமைப்புக்கும் 3.2 கட்டாயம்.

இது தெரிந்த பிறகாவது 2.25-க்குப் போயிருக்கலாம். போகவில்லை. கான்ஃபிகர் நிரலைத் திறந்து, அதற்குள் 3.2.0 என்றிருந்த எண்ணை 2.6.32 என்று கையால் மாற்றினேன். வெறும் எண் சோதனைதானே என்ற நினைப்பு. மறுபடி பதினோரு நிமிடம்.

இந்த முறை முதலில் வீட்டிலேயே சோதிக்கலாம் என்று சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னரை எழுப்பினேன். அது எழவே இல்லை. உள்ளே பாஷ் என்ற கட்டளை ஷெல் ஓடிய நொடியில் 139 என்ற பிழை எண்ணோடு செத்தது. அந்தக் காலத்து ஜிலிப்சி நேரம் கேட்க விசிஸ்கால் என்ற பழைய வழியைப் பயன்படுத்தும். பாதுகாப்பு கருதி என் லேப்டாப் கெர்னலில் அது அணைக்கப்பட்டிருந்தது. பூட் வரியில் விசிஸ்காலை எமுலேட் செய்யச் சொன்னதும் கன்டெய்னர் ஓடியது. பழைய நிரல் புதிய கெர்னலில் ஓட வேண்டும் என்பதில் லினக்ஸ்காரர்கள் கறாராக இருப்பவர்கள். அதிலும் இப்படி ஒரு ஓட்டை. புதிய நிரல் பழைய கெர்னலில் ஓட வேண்டும் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததே கிடையாது.

கன்டெய்னரில் எல்லாம் ஓடியது. மீட்டர் போல நடிக்கும் ஒரு சின்ன நிரலை எழுதிவைத்து அதோடும் பேச வைத்தேன். பேசியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. சென்ட்ஓஎஸ் 6 என்ற பெயர்ப்பலகை மாட்டிய அந்த டப்பாவுக்குள் ஓடியது என் லேப்டாப்பின் 6.1 கெர்னல்தான். நான் சோதித்தது என் லேப்டாப்பை.

மறுநாள் பட்டறையில் அவசரம். லோடரை ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியில் புதிய அடைவைப் போட்டு எக்ஸ்போர்ட் செய்தேன். அடுத்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தேன். சின்னம் கிடைக்கவில்லை என்று ஒரு பிழை. கேட் அடித்தேன், அதே பிழை. பிஎஸ், டாப், விஐ எதுவும் ஓடவில்லை. பழைய லோடர் புதிய லிப்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளறைச் சின்னங்களைத் தன்னிடம் தேடிக்கொண்டிருந்தது. லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் குடித்தனம் நடக்கும். நல்ல வேளையாக, மாறியை நீக்கும் அன்செட் என்பது பாஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, வெளியே எந்தக் கோப்பையும் தேடாது. அன்செட் அடித்தேன், உயிர் வந்தது. அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பின்னால் நின்றிருந்த சூப்பர்வைசர் அண்ணா ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை நல்லது.

(இதைவிட மோசமாக, கணினியின் லிப்சி இணைப்பையே புதியதற்கு மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்திருக்கும் ஷெல்லை மூடாதீர்கள். எஸ்பின் அடைவில் எஸ்எல்என் என்று ஒரு குட்டி நிரல் இருக்கும். எந்த லைப்ரரியும் வேண்டாத ஸ்டாட்டிக் பைனரி அது. இணைப்பைப் பழையபடி திருப்ப அது போதும்.)

சரி, லோடர் வழியாகவே ஓட்டினேன். இந்த முறை கெர்னல் பழையது என்ற புகார் இல்லை, நிரல் எழுந்தது, திரை வந்தது. மீட்டர் மட்டும் இல்லை. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. மீட்டரின் ஐபி எண்ணைக் கொடுத்தால் இணைகிறது, பெயரைக் கொடுத்தால் இல்லை. அந்த மூடிய லைப்ரரி ஒவ்வொரு முறை துண்டிப்புக்குப் பிறகும் பெயரைச் சொல்லித்தான் தேடும், அதனால் ஐபி எண் வைத்து ஒப்பேற்றவும் வழியில்லை.

நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டேன். பெயருக்கு ஐபி எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வருக்கு சாக்கெட் திறக்கிறது, கனெக்ட் ஆகிறது, அடுத்த வரி சென்ட்எம்எம்எஸ்ஜி, பதில் ஈநோசிஸ், அதாவது அப்படி ஒரு சிஸ்டம் கால் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) இல்லை. உடனே சாக்கெட்டை மூடிவிடுகிறது. ஐபி நான்கு, ஆறு இரண்டு முகவரிகளுக்கான கேள்விகளையும் ஒரே மூச்சில் அனுப்பும் சிஸ்டம் கால் அது. லினக்ஸ் 3.0-இல்தான் வந்தது. 2.6.32-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்பெல்லாம் ஜிலிப்சிக்குள், ஈநோசிஸ் வந்தால் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக அனுப்பு என்று ஒரு மாற்றுவழி இருந்தது. குறைந்தபட்சம் 3.2 என்று முடிவான பிறகு அது யாருக்கும் வேண்டாத நிரல், எடுத்துவிட்டார்கள். நான் ஏமாற்றியது எண்ணைத்தான். அந்த எண்ணை நம்பி வெட்டி எறிந்ததை எண்ணை மாற்றித் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆக 2.25. இதை டெபியன் 11-இன் ஜிசிசி 10 கம்பைலரில் கம்பைல் செய்யப் பார்த்தால், புதிய கம்பைலரின் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் பிழையாக நின்றன. ஒன்றை அடக்கினால் இன்னொன்று. இயந்திரத்திலேயே செய்யலாம் என்றால் அங்கே ஜிசிசி 4.4, ஜிலிப்சி 2.25 அதை ஏற்காது. அதோடு கெர்னல் ஹெடர்கள் 3.2-க்கு மேல் வேண்டும் என்றும் கேட்கிறது. இதில் முதலில் நானும் குழம்பினேன். ஓடப்போவது 2.6.32-இல், ஹெடர் மட்டும் ஏன் புதிது? ஹெடர் என்பது சிஸ்டம் கால்களின் பெயர்களும் எண்களும் உள்ள பட்டியல். கம்பைல் செய்யும்போது பட்டியல் நீளமாக இருப்பதில் தவறில்லை. ஓடும்போது கெர்னலில் இல்லாததைக் கேட்டால் அது ஈநோசிஸ் சொல்லும், அதை லைப்ரரி சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் இரண்டுக்கும் தோதாக அமைந்தது. ஜிசிசி 4.8.5, ஹெடர் 3.10. 2024 ஜூன் 30-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டதால் பொதிகளை இறக்கும் யம் முதலில் முரண்டு பிடித்தது. களஞ்சிய முகவரிகளை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வால்ட்டுக்கு மாற்றியதும் வழிக்கு வந்தது. கான்ஃபிகர், மேக், எல்லாம் ஒன்பது நிமிடம். இந்த முறை கான்ஃபிகரின் பதிவை ஒரு கோப்பில் போட்டு, எச்சரிக்கை என்ற சொல்லைத் தேடிப் பார்த்த பிறகுதான் மேக் அடித்தேன். இன்ஸ்டால் நேரத்தில், இடிசி அடைவில் எல்டி கான்ஃப் கோப்பு இல்லை என்று ஒரு முனகல். வெறும் கோப்பு ஒன்றை அங்கே வைத்ததும் அடங்கியது.

சோதிக்க இந்த முறை கன்டெய்னர் பக்கமே போகவில்லை. அந்த எஸ்எஸ்டி நகலைக் கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் அதன் சொந்தக் கெர்னலோடு பூட் செய்தேன். பிசிஐ கார்டு இல்லாததால் டிரைவர் புலம்பியது, மற்றபடி பட்டறையில் இருப்பதேதான். பேட்ச்எல்ஃப் என்ற கருவி கொண்டு நம் நிரலின் லோடர் முகவரியைப் புதிய அடைவுக்கு மாற்றினேன். எல்டி லைப்ரரி பாத் தேவையே இல்லை. நிரல் உள்ளிருந்து கூப்பிடும் மற்ற கட்டளைகளும் பழைய லிப்சியோடு நிம்மதியாக ஓடும். எஸ்ட்ரேஸில் மறுபடி அதே சென்ட்எம்எம்எஸ்ஜி, அதே ஈநோசிஸ், ஆனால் அடுத்த வரியிலேயே இரண்டு சென்ட். பதில் வந்தது. இரண்டே இரண்டு வரிகள்தான். அவற்றைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பட்டறையில் மாட்டிய பிறகு மூன்று விஷயங்கள் வந்தன. ஒன்று, சோதனையை நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நிரல் மொத்தமாகச் செத்தது. திரெட்டை ரத்து செய்ய லிப்ஜிசிசி (ஜிசிசியின் துணை லைப்ரரி) வேண்டும் என்ற செய்தி. புதிய லோடர் தன் அடைவை மட்டும்தான் தேடும், கணினியின் லிப்64 பக்கம் எட்டிப் பார்க்காது. லிப்ஜிசிசி அந்த நேரத்தில் மட்டுமே தேடப்படுவதால் முன்கூட்டித் தெரியவில்லை. சி++ லைப்ரரியை ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருந்தேன், இதையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டு, திரையில் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகள். மொழி, எழுத்து அமைப்புகள் இருக்க வேண்டிய லோகேல் அடைவு புதிய ஜிலிப்சியில் காலி. அதனுடைய லோகேல்டெஃப்பை வைத்தே இந்தியத் தமிழ் யுடிஎஃப்-8 லோகேலை உருவாக்கினேன்.

மூன்றாவதை நான் கவனிக்கவே இல்லை. சூப்பர்வைசர் அண்ணாதான் அச்சிட்ட அறிக்கையை எடுத்து வந்தார்.

"தம்பி, காலையில அஞ்சரைக்கு யாரு டெஸ்ட் போட்டது?"

"இப்பப் போட்டதுதாண்ணா அது."

"இப்ப மணி பதினொண்ணு."

ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதுமே புரிந்துவிட்டது. தனி அடைவுக்கு என்று கம்பைல் செய்த ஜிலிப்சி, ஊர் நேரக் கோப்பையும் அந்த அடைவின் இடிசிக்குள்தான் தேடுகிறது. அங்கே இல்லை, அதனால் கிரீன்விச் நேரம். கணினியின் லோக்கல்டைம் கோப்புக்கு அங்கிருந்து ஒரு இணைப்பு போட்டதும் சரியானது. பம்ப் அறிக்கையில் நேரம் தப்பாக இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார் அண்ணா. அவர் பார்த்திராவிட்டால் நான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த போன் வந்திருக்கும்.

கடைசிக் கணக்கு: ஸ்ட்ரிப் செய்து, தேவையில்லாத ஸ்டாட்டிக் கோப்புகளை நீக்கிய பின் தனி அடைவு 17 எம்பி. எஸ்எஸ்டி 1,100 ரூபாய், நான்கு முறை போய்வந்த பெட்ரோல் சுமார் 800. நேரம் 26 மணி. அதில் 2.31-க்கு மட்டும் 14.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை, கன்டெய்னர்களை அழித்துச் சுத்தம் செய்வதற்கு முன், சும்மா ஃபைல் கட்டளையை சென்ட்ஓஎஸ் 7-இன் எல்எஸ் மீது ஓட்டிப் பார்த்தேன். எந்தக் கெர்னலிலிருந்து ஓடும் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். டெபியன் 11-இல் 3.2.0 என்று வரும். இங்கே வந்தது 2.6.32.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிலிப்சி 2.17. மூடிய லைப்ரரி கேட்டதும் 2.17. அதையும் 2.6.32-க்கு ஏற்றபடிதான் கம்பைல் செய்து வைத்திருக்கிறார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அந்தக் கன்டெய்னருக்குள் உட்கார்ந்துதான் இன்னொரு ஜிலிப்சியைக் கம்பைல் செய்தேன். அதன் ஆர்பிஎம் பொதியைத் தனி அடைவில் பிரித்து, லோடர் முகவரியையும், நிரலுக்குள் எழுதியிருக்கும் லைப்ரரித் தேடல் பாதையான ஆர்பாத்தையும் பேட்ச்எல்ஃப்பில் மாற்றி, கியூஎமுவில் ஓட்டிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டபடியே ஓடியது. நேரமும் சரியாகக் காட்டியது, ஏனென்றால் அது கணினியின் சொந்த இடிசியையே பார்க்கிறது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

அடுத்த முறை இந்த மாதிரி வேலை வந்தால் மூலநிரலை இறக்குவதற்கு முன் கைக்குக் கிடைக்கும் பழைய கன்டெய்னர்கள் எல்லாவற்றிலும் ஃபைல் கட்டளையை ஓட்டிப் பார்ப்பேன். அதற்கும் முன்னால், டீ வட்டம் விழுந்த அந்தக் காகிதத்தை எடுப்பேன். நாலு சின்னங்களுக்கு மட்டும் ஒரு சிறிய ஒட்டு லைப்ரரி எழுதி, பதிப்புக் குறிப்பைத் தளர்த்தி ஓட்ட முடியுமா என்று இன்னும் பார்க்கவில்லை. அது இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

பட்டறையில் இருப்பதை 2.17-க்கு மாற்றவில்லை. ஓடுகிற இயந்திரத்தில் கைவைக்க எனக்கும் தைரியமில்லை, அண்ணாவும் விடமாட்டார். கணினிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, தனி அடைவின் பெயர், பதிப்பு 2.25, லோக்கல்டைம் இணைப்பு, லிப்ஜிசிசி நகல், எஸ்எஸ்டி எந்த டிராயரில் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதிவைத்துவிட்டு வந்தேன். அதன் கீழே அவர் பேனாவால் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: யாரும் அப்டேட் போட வேண்டாம்.